சாவு ஓர் ஆளாக வந்து நிற்கும் பழைய படங்கள்

விளக்கு வைக்கிற நேரத்தில் சாவைப் பற்றிய படத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எங்கள் வீட்டில் அம்மா வந்து டிவியை அணைத்துவிடுவார். அதே அம்மா, தெருவில் ஒரு வீட்டில் சாவு விழுந்தது என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பார், ராத்திரி முழுக்கப் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், விடிந்த பிறகுதான் வீடு திரும்பிக் கிணற்றடியில் தலைக்குக் குளிப்பார். ஆக, அவருக்குச் சாவைக் கண்டு பயமில்லை. அது தானாக வரும்போது பார்த்துக்கொள்ளலாம், நாமாக எதற்குத் தேடிப்போய்ப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் கேள்வி. நியாயமான கேள்வி. அம்மாவுக்குப் பதில் சொல்வதாக நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். இந்த மாதிரிப் படங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் அடியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில், எந்தப் படங்களைச் சொல்கிறேன் என்று தெளிவாக்கிவிடுகிறேன். பேய்ப் படங்களை இல்லை, கொலைப் படங்களையும் இல்லை. கதாநாயகி கடைசிக் காட்சியில் இருமி இருமி இறந்துபோகிற அழுகைப் படங்களும் இதில் சேராது. ஏறத்தாழ 1920 முதல் 1960 வரை, சுவீடனிலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் வந்த கருப்பு வெள்ளைப் படங்கள் சில இருக்கின்றன. அவற்றில் சாவு ஓர் ஆளாக வரும். கோட்டு போட்டுக்கொண்டு, தொப்பி வைத்துக்கொண்டு, சில சமயம் பசியோடு. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும், கேட்டால் பதில் சொல்லும். இவற்றில் ஊரறிந்த படம் ஒன்றுதான்: 1957ல் இங்மார் பெர்க்மன் எடுத்த ‘தி செவன்த் சீல்’. சிலுவைப்போரிலிருந்து திரும்பும் வீரன் ஒருவன் சாவோடு சதுரங்கம் ஆடுகிற அந்தக் காட்சியைப் படம் பார்க்காதவர்கள்கூடப் போஸ்டரிலாவது பார்த்திருப்பார்கள். அந்த ஒரு படத்தின் நிழலில் மற்றவை மறைந்துபோய்விட்டன, எனக்குப் பிடித்தவை அந்த மற்றவைதான்.

இந்த ஆள் எங்கிருந்து வந்தார்? ஐரோப்பாவில் 1347க்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே கொள்ளைநோய் மூன்றில் ஒரு பங்கு மக்களையாவது கொண்டுபோனது. அதற்கு அடுத்த நூற்றாண்டில் கல்லறைச் சுவர்களிலும் தேவாலயங்களிலும் ஒரு வகை ஓவியம் பரவியது: எலும்புக்கூடு ஒன்று போப்பாண்டவர் கையைப் பிடித்து ஆடும், அடுத்தது அரசன் கையை, அதற்கடுத்தது உழவன் கையை, கடைசியில் குழந்தை கையை. பாரிஸில் ஒரு கல்லறைத் தோட்டத்துச் சுவரில் 1424–25ல் வரைந்ததுதான் அவற்றில் பேர்பெற்றது. சுவீடனில் ஸ்டாக்ஹோம் பக்கத்தில் தேபி என்ற ஊர் தேவாலயத்தின் கூரையில், ஒரு மனிதனோடு சாவு சதுரங்கம் ஆடுகிற மாதிரி 15ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று இன்றும் இருக்கிறது. பெர்க்மனின் காட்சி அதிலிருந்து வந்ததுதான். நமக்கு இதெல்லாம் அந்நியமாகத் தெரிய வேண்டியதில்லை. எருமையும் பாசக்கயிறும் கணக்குப் பார்க்கச் சித்திரகுப்தனும் என்று முழு அலுவலகமே நம்மிடம் உண்டு. உடலையும் உயிரையும் கூறுபோடுபவன் என்பதால்தான் அவனுக்குக் கூற்றுவன் என்று பெயர் என்பார்கள்.

சரி, படத்துக்கு வருகிறேன். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது 1921 புத்தாண்டு தினத்தன்று சுவீடனில் வெளியான ஒரு மௌனப் படம். ஆங்கிலத்தில் ‘தி ஃபேண்டம் கேரியேஜ்’ என்று தேடினால் கிடைக்கும். சுவீடிஷ் மொழிப் பெயருக்கு ‘வண்டிக்காரன்’ என்று பொருள், எனக்கு அதுதான் சரியான பெயராகப் படுகிறது. நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் செல்மா லாகர்லோஃப் 1912ல் எழுதிய கதை இது. காசநோய் எப்படிப் பரவுகிறது என்று மக்களுக்குச் சொல்கிற மாதிரி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று காசநோய் ஒழிப்புச் சங்கம் ஒன்று அவரிடம் கேட்டிருந்தது. அவர் எழுதிக் கொடுத்ததோ சாவு வண்டியின் கதை. சுகாதார விளக்கத்துக்காகத் தொடங்கிய வேலை என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படத்தில் இருமலும் கைக்குட்டையும் பழைய துணியும் எவ்வளவு கவனமாக வருகின்றன என்பது புரியும்.

கதையின் அடித்தளம் ஒரு நம்பிக்கை. டிசம்பர் 31 இரவு பன்னிரண்டு மணி அடிக்கும்போது கடைசியாகச் சாகிறவன், அடுத்த ஒரு வருடம் முழுக்கச் சாவின் வண்டியை ஓட்ட வேண்டும். இற்று விழப்போகிற கட்டை வண்டி, தேய்ந்துபோன ஒற்றைக் குதிரை, கையில் அரிவாள். செத்தவர்களை ஒவ்வொருவராகப் போய் எடுத்துக்கொண்டு வர வேண்டும். அந்த வண்டியில் ஓர் இரவு என்பது பூமியில் நூறு வருடம் போல நீளும். இதே மாதிரி நம்பிக்கை பிரான்சின் பிரிட்டனி பகுதியிலும் உண்டு, ஊரில் வருடத்தின் கடைசியில் இறந்தவர்தான் அங்கே சாவின் ஆளாக வேலைக்குச் சேர்கிறார்.

டேவிட் ஹோம் ஒரு குடிகாரன். பெண்டாட்டி பிள்ளைகளைத் தவிக்கவிட்டவன். புத்தாண்டு இரவில் கல்லறையில் உட்கார்ந்து குடித்துக்கொண்டே நண்பர்களுக்கு இந்த வண்டிக் கதையைச் சொல்கிறான், பிறகு நடக்கிற சண்டையில் தலையில் அடிபட்டு, சரியாகப் பன்னிரண்டுக்குச் சாகிறான். வண்டி வருகிறது. ஓட்டிவருகிறவன் போன புத்தாண்டு இரவில் செத்துப்போன அவனுடைய பழைய நண்பன், அவனைக் குடிக்கப் பழக்கியவனே அவன்தான். இந்தப் படத்தில் சாவு தேவனோ அசுரனோ கிடையாது. முறை வைத்து வேலை பார்க்கிற ஒரு மனிதன், தன் முறை முடிந்து அடுத்தவனிடம் வண்டியை ஒப்படைக்கக் காத்திருக்கிறான், ஆனால் ஒப்படைக்கப்போகிற ஆளைப் பார்த்ததும் அவனுக்கே பரிதாபமாக இருக்கிறது.

படத்தில் வரும் ஒரு கோட்டுக் காட்சியை மட்டும் கிட்டத்தில் வைத்துச் சொல்கிறேன். ஒரு வருடத்துக்கு முன்னால், புத்தாண்டு இரவில், டேவிட் ஓர் ஏழைகள் விடுதிக்கு வந்து படுக்கிறான். விடுதிப் பொறுப்பில் எடித் என்ற இளம் பெண். அவன் தூங்கியதும், கந்தலாகக் கிடக்கும் அவன் கோட்டை எடுத்து, விடிய விடிய உட்கார்ந்து தைக்கிறாள். கிழிசலை ஒட்டுப்போட்டு, அறுந்த பொத்தான்களைத் தைத்து. காசநோய்க்காரனின் கோட்டு அது, அவளுக்கு நோய் ஒட்டுவது அந்த இரவில்தான். காலையில் அவன் எழுந்து கோட்டைப் பார்க்கிறான். யார் தைத்தது என்று கேட்டு அவளை வரவழைக்கிறான். அவள் சிரித்த முகத்தோடு நிற்கும்போதே, அவள் கண்ணெதிரிலேயே, ஒவ்வொரு தையலாகக் கிழிக்கிறான், பொத்தானைப் பிய்த்து எறிகிறான். வசனம் எதுவும் தேவைப்படாத காட்சி. இதைப் பார்த்த பிறகு எனக்குப் பொத்தான் தைக்கிற யாரைப் பார்த்தாலும் அந்தப் பெண்ணின் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

ஆவிகளைக் காட்டிய விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் படத்தின் ஈர்ப்பில் பாதி அதில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் இல்லாத காலம், கேமராவைக் கையால் சுற்றிப் படம் பிடித்த காலம். ஒரு காட்சியை எடுத்து முடித்ததும் அதே ஃபிலிம் சுருளைப் பின்னுக்குச் சுற்றி, அதே இடத்தில் நிறுத்தி, அதன்மேலேயே ஆவியாக நடிப்பவரை மறுபடி பிடிக்க வேண்டும். கேமரா ஒரு நூல் அசைந்தாலும் போச்சு. ஒளிப்பதிவாளர் யூலியுஸ் யான்சன் சில இடங்களில் இப்படி நான்கு முறைவரை ஒன்றின்மேல் ஒன்றாகப் பிடித்திருக்கிறார். அதனால் வண்டிக்காரன் கதவு வழியாக ஊடுருவிப் போகிறான், அவன் உடம்பு வழியே பின்னாலிருக்கும் நாற்காலி தெரிகிறது. மூழ்கிப்போன ஒருவனை எடுக்க வண்டி கடல் அலைகள்மேல் உருண்டு வரும், வண்டிக்காரன் இறங்கி நீருக்கடியில் நடந்து போவான். இன்றைக்கு இதைவிடத் துல்லியமாக எத்தனையோ செய்கிறார்கள். ஆனால் இந்தப் படத்தில் ஆவி இருக்கிறது, அதே சமயம் இல்லை. வீட்டில் ஒருவர் போன பிறகு முதல் சில வாரங்கள் அவர் உட்காரும் நாற்காலியைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி என்று தெரியும்.

அதே 1921ல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த படத்தின் பெயரே ‘களைத்துப்போன சாவு’, ஆங்கிலத்தில் ‘டெஸ்டினி’. முதல் உலகப் போரில் மட்டும் ஜெர்மானியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர் செத்திருந்தார்கள், கூடவே விஷக்காய்ச்சல் வேறு. கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தவர்களில் யாரையும் இழக்காதவர் என்று எத்தனை பேரைச் சொல்ல முடியும்? அந்தக் கூட்டத்துக்கு முன்னால் வருகிறார் பெர்ன்ஹார்ட் கெட்ஸ்கே என்ற நடிகர், ஒட்டிய கன்னம், அசையாத கண்கள், கருப்பு உடை. ஊருக்குப் பக்கத்தில் நிலம் வாங்கி, வாசலே இல்லாத பெரிய மதில் ஒன்றை எழுப்புகிறார். ஒரு பெண்ணின் காதலனைக் கொண்டுபோகிறார். அவள் அந்த மதிலுக்குள் போய், அவனைத் திருப்பிக் கொடு என்று கேட்கிறாள். உள்ளே பார்த்தால் உயரமான ஓர் அறை நிறைய மெழுகுவர்த்திகள், ஒவ்வொன்றும் ஓர் உயிர். பேச்சுக்கு நடுவிலேயே அவர் ஒரு சுடரைக் கையில் எடுக்கிறார், அது அவர் கையில் குழந்தையாகிறது, எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு தாய் அழுகிறாள். மனிதர்கள் படும் துயரத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது, கடமைக்காகச் செய்கிறேன் என்று அவர் சொல்கிறார். நான் அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். சாவுக்காக வருத்தப்படலாம் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

நமக்குச் சாவித்திரி கதை தெரியும், அதனால் அவள் ஜெயித்துவிடுவாள் என்றுதான் மனம் எதிர்பார்க்கும். சாவித்திரி எமனைப் பேச்சில் மடக்கினாள். இந்தப் பெண்ணால் முடியவில்லை. பாக்தாத், வெனிஸ், சீனா என்று மூன்று கதைகளில் மூன்று வாய்ப்பு, மூன்றிலும் தோல்வி. (அந்த மூன்று கதைகளும் கொஞ்சம் நீளம்தான், சீனக் கதையில் பறக்கும் கம்பளம் வரும்போது குழந்தைகள் ரசிப்பார்கள்.) கடைசியில் ஒரு பேரம்: இன்னும் ஒரு மணி நேரத்துக்குள் அவனுக்குப் பதிலாகச் சாகச் சம்மதிக்கிற ஓர் ஆளைக் கொண்டு வா, உன் காதலனை விட்டுவிடுகிறேன். அவள் ஓடுகிறாள். வாழ்ந்து முடித்துவிட்ட கிழவரிடம், பிச்சைக்காரனிடம், எப்போது போவோம் என்று புலம்பிக்கொண்டிருக்கும் கிழவிகளிடம். ஒருவர்கூட ஒரு நாளையோ ஒரு மணியையோ தர மாட்டேன் என்கிறார்கள். “சாவு வரமாட்டேங்குதே” என்று தினமும் சொல்கிற பெரியவர்கள் நம் வீடுகளிலும் உண்டு, அதனால் அந்தக் கிழவிகள் எழுந்து ஓடுகிற வேகம் நன்றாகப் புரிகிறது. பிறகு ஒரு கட்டடத்தில் தீ. உள்ளே ஒரு கைக்குழந்தை. அவள் நுழைகிறாள், குழந்தையைத் தூக்குகிறாள், எதிரில் சாவு கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கப்புறம் அவள் என்ன செய்கிறாள் என்பதை நீங்களே பாருங்கள். ஸ்பெயின் இயக்குநர் லூயி புனுவல், தான் சினிமாவுக்கு வந்ததற்குக் காரணமாகச் சொன்ன படம் இது.

ஹாலிவுட்டும் இதை முயன்றிருக்கிறது. 1934ல் ‘டெத் டேக்ஸ் எ ஹாலிடே’, சாவு மூன்று நாள் லீவு எடுத்துக்கொண்டு விருந்தாளியாக வருகிற கதை. எனக்கு அதைவிட 1939ல் வந்த ‘ஆன் பாரோட் டைம்’ பிடிக்கும். பேரனை விட்டுப் போக மனமில்லாத தாத்தா, தன்னைக் கூட்டிப்போக வந்த சாவை ஒரு ஆப்பிள் மரத்தில் ஏற்றி இறங்க முடியாமல் செய்துவிடுகிறார். உலகத்தில் யாருமே சாகவில்லை. முதலில் கொண்டாட்டமாக இருக்கிறது. பிறகு, வலியில் துடிக்கிறவர்களுக்கும் விடுதலை இல்லை என்பது மெதுவாகத் தெரிய வருகிறது.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஏன் தேடிப்போய்ப் பார்க்க வேண்டும்?

என் அப்பா ஐசியூவில் பதினோரு நாள் இருந்தார். சாயங்காலம் ஐந்து நிமிடம் பார்க்க விடுவார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு, பச்சை அங்கி போட்டுக்கொண்டு. தலைமாட்டில் மானிட்டர், கால்மாட்டில் மருந்துத் தள்ளுவண்டி, நடுவில் குழாய்களுக்கிடையே அப்பா. பன்னிரண்டாம் நாள் விடியற்காலை போன் வந்தது, முடிந்துவிட்டது என்றார்கள். யாரும் கூட இல்லை. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் என்ன நடந்தது என்பதை நாங்கள் பார்க்கவில்லை. திரைக்குப் பின்னால் ஒரு எண் பூஜ்ஜியமாகியிருக்கிறது, அவ்வளவுதான். என் தாத்தா போனபோது திண்ணையில் பதினைந்து பேர் இருந்தார்கள், பாட்டி மடியில் தலை இருந்தது, வாயில் பால் ஊற்றினார்கள். அம்மாவுக்குச் சாவைத் தேடிப் பார்க்க வேண்டிய தேவை ஏன் இல்லை என்றால் அவர் வாழ்நாள் முழுக்க அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். எனக்கு அந்தப் பழக்கம் இல்லாமல் போய்விட்டது. இந்தப் படங்கள் சாவுக்கு ஒரு முகம் கொடுத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்து, என் கண்ணெதிரே பேசவிடுகின்றன. திட்டலாம், கெஞ்சலாம், ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கலாம். பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும் கேட்டோம் என்று இருக்கும்.

இதைப் புதுப் படங்களும் செய்யலாமே, பழசு எதற்கு என்று கேட்டால், பழைய படம் தானே ஒரு சாவு சமாச்சாரம் என்பேன். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் முதன்முதலாகக் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டிய இரண்டே நாளில், இனி மரணம் முற்றான முடிவாக இருக்காது என்ற பொருளில் ஒரு பாரிஸ் பத்திரிகை எழுதியது. வேண்டியவர்கள் நடமாடுவதைப் போன பிறகும் பார்க்கலாமே என்ற சந்தோஷம். ஆனால் ஃபிலிமும் சாகும். அந்தக் கால நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்கும், வைத்திருந்தால் பிசுபிசுத்துப் பொடியாகும். அமெரிக்காவில் 1912 முதல் 1929 வரை வந்த ஏறத்தாழ 11,000 மௌனக் கதைப்படங்களில் வெளியான வடிவத்திலேயே மிஞ்சியிருப்பவை 14 சதவீதம்தான் என்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நம் பக்கத்தில் நடராஜ முதலியார் எடுத்த முதல் தென்னிந்திய மௌனப் படமான ‘கீசக வதம்’ ஒரு அடிகூட மிஞ்சவில்லை, 1931ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ படமும் இல்லை. ஆக, நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு படம் கோடும் புள்ளியுமாக நம் முன் ஓடுகிறது என்றால் அதுவே பிழைத்து வந்த ஒன்று. அதில் சிரிக்கிறவர், அழுகிறவர், ஓரமாகத் தெருவில் நடந்து போகிறவர், ஒருவரும் இன்று இல்லை.

‘வண்டிக்காரன்’ படத்தில் டேவிடாக நடித்தவர் அதன் இயக்குநர் விக்டர் ஷோஸ்ட்ரோமேதான். தன் பிணத்தின் பக்கத்தில் தன் ஆவி எழுந்து நிற்கும் காட்சியில் அவருக்கு நாற்பது வயதை ஒட்டி இருக்கும். அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து வளர்ந்த பெர்க்மன், 1957ல் ‘வைல்ட் ஸ்ட்ராபெரீஸ்’ எடுத்தபோது வயதான பேராசிரியர் வேடத்துக்கு அவரைத்தான் கூப்பிட்டார். ஷோஸ்ட்ரோமுக்கு 78 நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் படத்திலும் ஒரு கனவு: ஆளில்லாத தெரு, சவ வண்டி ஒன்று வருகிறது, சக்கரம் கழன்று சவப்பெட்டி விழுகிறது, உள்ளேயிருந்து ஒரு கை அவர் கையைப் பிடிக்கிறது, பார்த்தால் அவர் முகமே. 1960 ஜனவரியில் அவர் காலமானார். இரண்டு படங்களையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒரு மனிதர் முப்பத்தாறு வருட இடைவெளியில் இரண்டு முறை தன் சாவைப் பார்க்கிறார்.

பார்க்க ஆரம்பிப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மௌனப் படம் என்றால் சத்தமே இல்லாமல் பார்க்க வேண்டும் என்று அர்த்தமில்லை, அந்தக் காலத்திலும் கொட்டகையில் இசை வாசித்தார்கள். ஆனால் ஒரே படத்துக்கு இன்று பல இசைகளோடு பல பிரதிகள் உலவுகின்றன. திகில் படம் மாதிரி உறுமல் போட்டிருந்தால் வேறு பிரதியைத் தேடுங்கள், அந்த இசை உங்களைப் பயப்படச் சொல்லிப் படத்தைக் கெடுத்துவிடும். முகம் மங்கித் தெரிகிற பிரதியைத் தொடவே வேண்டாம். சீரமைத்த பிரதியில் இரவுக் காட்சி நீலமாகவும் வீட்டுக்குள் நடப்பது மஞ்சளாகவும் இருக்கும், அது அன்றைக்கே ஃபிலிமுக்கு ஏற்றிய சாயம். பத்து நிமிடம் பொறுத்தால் கண் பழகிவிடும். இன்னொன்று, வீட்டில் துக்கம் நடந்து சில நாள்தான் ஆகிறது என்றால் இப்போது வேண்டாம். எனக்குக் கொஞ்ச மாதங்கள் தேவைப்பட்டன.

அப்படிக் கொஞ்ச மாதம் கழித்து நான் பார்த்தது 1960ல் வந்த மெக்சிகோ படம் ‘மகாரியோ’. இயக்கியவர் ரொபெர்தோ கவால்தோன், ஒளிப்பதிவு கப்ரியேல் ஃபிகெரோவா. சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் பட்டியலில் இடம்பெற்ற முதல் மெக்சிகோ படம் இது, ஆனாலும் இங்கே பெயர் தெரிந்தவர்கள் குறைவு. மகாரியோ விறகுவெட்டி, ஐந்து பிள்ளைகள், பிறந்ததிலிருந்து வயிறாரத் தின்றதில்லை. ஒரு முழு வான்கோழியை யாருக்கும் தராமல் தனியாகத் தின்ன வேண்டும், அதுவரை எதையும் தொட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறான். மனைவி ஒன்றைத் திருடிச் சமைத்து அவனிடம் கொடுத்துக் காட்டுக்கு அனுப்புகிறாள். சாத்தான் வந்து பங்கு கேட்கிறது, காசு தருகிறேன் என்கிறது, கொடுக்கவில்லை. கடவுள் கிழவராக வந்து கேட்கிறார், அவருக்கும் இல்லை. மூன்றாவதாக இவனைப் போலவே ஓர் ஏழைக் குடியானவன் வந்து நிற்கிறான். சாவு. உடனே பாதியைப் பிய்த்துக் கொடுத்துவிடுகிறான். ஏன் என்று கேட்டால், நீ வந்துவிட்டால் வேறு எதற்கும் நேரம் இருக்காது, நீ தின்னும் நேரமாவது எனக்கு மிஞ்சட்டும் என்று நினைத்தேன் என்கிறான். சாவு சிரிக்கிறது. நோய் தீர்க்கும் தண்ணீர் கொடுக்கிறது, கூடவே ஒரு அடையாளமும்: நான் நோயாளியின் கால்மாட்டில் நின்றால் பிழைப்பார், தலைமாட்டில் நின்றால் விட்டுவிடு, அவர் எனக்கு.

அந்த வரியைக் கேட்டதும் எனக்கு அந்த ஐந்து நிமிடங்கள் நினைவுக்கு வந்தன. தலைமாட்டில் மானிட்டர், கால்மாட்டில் தள்ளுவண்டி. நான் எங்கே பார்த்திருக்க வேண்டும்?

படத்தின் பிற்பகுதியில் மகாரியோ பெரிய வைத்தியனாகிறான், அதனாலேயே மாட்டிக்கொள்கிறான், தப்பி ஓடிச் சாவின் குகைக்குள் போய் லட்சக்கணக்கான மெழுகுவர்த்திகளுக்கு நடுவில் நிற்கிறான். ககவாமில்பா என்ற உண்மையான குகையில் எடுத்த காட்சி அது. மனைவி ஆட்களோடு காட்டுக்குள் தேடி வருகிறாள். மகாரியோ தூங்குவது மாதிரிக் கிடக்கிறான். பக்கத்தில் அந்த வான்கோழி. ஒரு பாதியில் எலும்புதான் மிச்சம், இன்னொரு பாதி கை படாமல் அப்படியே இருக்கிறது.